தமிழ்த் திரைப்படத் தொடர்களில் நாயகக் கட்டமைப்பு: ‘எந்திரன்’ வரிசையும் லோகேஷ் கனகராஜின் படவுலகும் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

மார்வெல் நிறுவனம் 2008இல் ‘அயர்ன் மேன்’ தொடங்கித் தன் நாயகர்களைத் தனித்தனியே அறிமுகப்படுத்தி, 2012இல் ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் ஒன்றிணைத்தது. டிசி வரிசையோ ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ (2013) வெளிவந்த பின், அடுத்த படத்திலேயே (2016) பேட்மேனையும் சூப்பர்மேனையும் மோதவிட்டது. முன்னது கதையின் வழியே பாத்திரத்தை வளர்த்தது. பின்னது பாத்திரத்தின் முந்தைய புகழைச் சார்ந்தது. தொடர்ச்சியைத் தாங்குவது கதையா, புகழா என்னும் இவ்வினாவைத் தமிழ்ச் சூழலில் இக்கட்டுரை ஆராய்கிறது.

‘எந்திரன்’ வரிசை

ஷங்கரின் ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) ஆகியவற்றில் சிட்டி என்னும் எந்திர மனிதன் மீயாற்றல் கொண்ட நாயகன். நீதிமன்ற ஆணைப்படி முதற்படத்தில் பிரிக்கப்பட்ட சிட்டி, பறவைகளுக்காகப் பழிதீர்க்கும் பட்சிராஜனை எதிர்கொள்ள மீண்டும் உருவாக்கப்படுகிறது. எனினும் ஒவ்வொரு படமும் தன்னளவில் முழுமையானது. வசீகரன், சிட்டி ஆகிய இரு வேடங்களையும் ஏற்ற ரஜினிகாந்தே இவ்வரிசையின் முதன்மை இணைப்பு.

லோகேஷ் கனகராஜின் படவுலகு

‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022), ‘லியோ’ (2023) ஆகியவற்றின் நாயகர்கள் மீயாற்றல் உடையோர் அல்லர். ஆயினும் பகிரப்பட்ட உலகு என்னும் சூப்பர் ஹீரோ படங்களின் உத்தி இங்குச் செயற்படுகிறது. ‘விக்ரம்’ இறுதிக் காட்சியில் அன்பும் அடைக்கலமும் தோன்றி டில்லியைப் பற்றிப் பேசுவதால், ஓரிரவுக் கதையாக முடிந்த ‘கைதி’ பெருங்கதையின் ஒரு பகுதியாகிறது. அதாவது, பின்வந்த படம் முன்வந்த படத்தின் பொருளை மாற்றுகிறது. ‘லியோ’வில் இவ்விணைப்பு தளர்கிறது. நெப்போலியனின் வருகையையும் இறுதித் தொலைபேசி அழைப்பையும் நீக்கினாலும் மையக் கதை குலைவதில்லை. இங்கு இணைப்பு கதைத் தேவையாக அன்றி, எதிர்பார்ப்பைத் தூண்டும் குறிப்பாகவே நிற்கிறது.

நடிகரும் பாத்திரமும்

பேட்மேன் வேடத்தை மைக்கேல் கீட்டன் முதல் ராபர்ட் பாட்டின்சன் வரை பலர் ஏற்றுள்ளனர். நடிகர் மாறினும் பாத்திரம் நிலைக்கிறது. தமிழிலோ சிட்டியை ரஜினிகாந்திடமிருந்தும் விக்ரமைக் கமல்ஹாசனிடமிருந்தும் பிரித்தெண்ணுதல் அரிது. 2022இன் ‘விக்ரம்’, கமல்ஹாசனே நடித்த 1986ஆம் ஆண்டுப் படத்தின் பெயரையும் உளவாளிப் பாத்திரத்தையும் மீட்டெடுப்பது இதற்குச் சான்று.

முடிவுரை

‘எந்திரன்’ வரிசை நட்சத்திரப் படிமத்தாலும், லோகேஷின் படவுலகு அப்படிமத்துடன் பாத்திரத் தொடர்ச்சியாலும் இயங்குகின்றன. பின்னதன் புதுமை நாயகர்களின் சந்திப்பில் மட்டும் இல்லை. ஜார்ஜ் மரியான் ஏற்ற காவலர் நெப்போலியன், நட்சத்திரப் புகழின் துணையின்றி, ‘கைதி’யில் செய்த செயலின் நினைவால் மட்டுமே ‘லியோ’வில் அடையாளம் காணப்படுகிறார். கதையே தொடர்ச்சியைத் தாங்க இயலும் என்பதற்கு அச்சிறு பாத்திரமே வலுவான சான்று எனலாம்.