டீசல்தான் பம்புக்கு எண்ணெய்

ஏ9 வீதியில் ஓமந்தையைத் தாண்டி வரும் பெரிய சந்தி புளியங்குளம். கிழக்கே நெடுங்கேணி வீதி இங்கேதான் பிரிகிறது. 1997 மே மாதம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில் மாதக்கணக்காகச் சண்டை நடந்த இடம், 2002இல் பாதை திறந்தபோது வன்னிக்குள் வரும் வாகனங்களை மறித்துச் சோதித்த இடம் என்றே பலருக்கு இந்தப் பெயர் நினைவில் இருக்கிறது. இந்த மண்ணில் ஓடிய வாகனங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது.

1990இல் போர் மீண்டும் மூண்டதும் டீசலும் பெற்றோலும் தடைப்பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. பெற்றோல் எஞ்சின்களைச் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். டீசல் எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெய் கலந்து ஊற்றினார்கள். எண்ணெய் எதற்கு? எரிவதற்கு என்று நினைத்தால் தவறு. மண்ணெண்ணெய் டீசல் எஞ்சினுக்குள் தாராளமாக எரியும். அங்கே தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கும்போது அதன் வெப்பம் 500 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். அதற்குள் பீச்சினால் டீசலும் பற்றும், மண்ணெண்ணெயும் பற்றும். எண்ணெய் தேவைப்பட்டது எஞ்சினின் பக்கத்தில் பூட்டியிருக்கும் டீசல் பம்புக்கு.

அந்தப் பம்ப் செய்கிற வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடும் எஞ்சினில் பம்ப் அதன் பாதி வேகத்தில், 1200 சுற்றில், சுழல்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் செக்கனுக்கு இருபது தடவை, ஓரிரு துளி டீசலை, 2 மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில், 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தள்ள வேண்டும். பழைய டாடா, லேலண்ட் லொறிகளில் இருக்கும் வரிசைப் பம்பில் சிலிண்டருக்கு ஒன்றாக பிளஞ்சரும் அது ஏறி இறங்கும் பரலும் இருக்கும். பிளஞ்சரின் பக்கத்தில் சரிவாக ஒரு வெட்டு. அக்சிலேற்றரை மிதித்தால் ராக் நகர்ந்து பிளஞ்சரைச் சற்றே திருப்பும். சரிவு வெட்டு பரலின் துளையை முந்தியோ பிந்தியோ திறக்கும். போகிற டீசலின் அளவு மாறும். 200 பாரில் கசியாமல் நிற்க இங்கே றபர் சீல் எதுவும் இல்லை. பிளஞ்சருக்கும் பரலுக்கும் இடையில் இருப்பது இரண்டு மூன்று மைக்ரோன் இடைவெளி. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் நிற்கும் டீசல் படலம்தான் சீலும், எண்ணெயும். ஒரு பிளஞ்சரைக் கழற்றி வேறொரு பரலில் போடவே கூடாது. அவை சோடியாகத் தீட்டப்பட்டவை.

மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது. இந்த இடைவெளியில் அது படலமாக நிற்காமல் வழிந்துவிடும். உலோகம் உலோகத்தை உரசும். இங்கே பம்புக்குப் பம்ப் வித்தியாசம் உண்டு. வரிசைப் பம்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும் காம் தண்டுக்கு எஞ்சின் ஒயில் கிடைக்கிறது. டீசலை நம்பியிருப்பது பிளஞ்சர்களும் அவற்றோடு சேர்ந்த வால்வுகளும்தான். வன்னி வயல்களில் ஓடித் தேய்ந்த மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தில் இருக்கும் சீஏவீ சுழல் பம்புக்கோ எஞ்சின் ஒயிலே போகாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் டீசல் ஒன்றே எண்ணெய். வெறும் மண்ணெண்ணெயில் ஓட்டினால் ரோட்டர் இறுகிப் பிடித்து, முறுக்கம் தாங்காமல் தண்டே முறியலாம். ஊற்றிய தாவர எண்ணெய் மெல்லிய மண்ணெண்ணெய்க்குத் தடிப்பையும் வழுவழுப்பையும் திருப்பிக் கொடுத்தது. பிற்காலத்தில் ஆய்வுகூடங்கள் அளந்து எழுதியதை வன்னி மெக்கானிக்குகள் கையால் கண்டிருந்தார்கள்.

1990களின் தொடக்கத்தில் சுவீடனும் இதே பாடத்தைப் படித்தது. காற்று மாசைக் குறைக்கக் கந்தகம் மிகக் குறைந்த டீசலை அங்கே கொண்டுவந்தபோது பம்புகள் வரிசையாகத் தேய்ந்து போயின. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலில் இயல்பாக இருந்த வழுவழுப்பூட்டும் சேர்மங்களையும் சேர்த்தே நீக்கிவிட்டது. அதற்குப் பிறகே டீசலின் வழுவழுப்பை ஒரு சோதனையாக அளந்து, சேர்மானம் போட்டு விற்கும் நியமம் வந்தது. ஒரு நாட்டின் எண்ணெய்க் கம்பனிகளுக்குத் தெரியாமல் போன விஷயம், தடைக்குள் இருந்த கராஜ்களில் அன்றாட வேலையாக இருந்தது. இதை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

2022 பொருளாதார நெருக்கடி, டீசலுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றும் ஆசையை மறுபடி காட்டியது. ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபா; ஓகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மண்ணெண்ணெய் 87 ரூபா. பிறகு அதை ஒரேயடியாக 340 ஆக்கினார்கள். கலப்படம் ஒருபுறம், கான்களில் மாதக்கணக்காகச் சேமித்த டீசலில் இறங்கிய தண்ணீர் மறுபுறம். இரண்டும் பம்பைத் தின்னும். தண்ணீர் துருவாக்கும், துரு அந்த மூன்று மைக்ரோனை அடைக்கும்.

சரி, பம்ப் போய்விட்டது. வீட்டு முற்றத்தில் மாற்றலாமா? மாற்றலாம். பம்பைத் திறக்கத்தான் கூடாது. வரிசைப் பம்பையே எடுத்துக்கொள்வோம். முதலில் பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பம்பையும் சுற்றுப்புறத்தையும் டீசல் ஊற்றிக் கழுவித் துடையுங்கள். புழுதி பறக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம். முதல் சிலிண்டர் நெருக்கும் வீச்சில் மேலே வரும்படி எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். மேலே வந்தது நெருக்கும் வீச்சா, புகை தள்ளும் வீச்சா என்று குழம்பினால் ரொக்கர் மூடியைத் திறந்து பாருங்கள். முதல் சிலிண்டரின் இரண்டு ரொக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். பிறகு பிளைவீலில் இருக்கும் ரைமிங் குறிக்குக் கொண்டு வாருங்கள். பம்ப் விளிம்பிலும் எஞ்சின் உடலிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். அந்தக் கோட்டை யாரும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. பம்ப் ஒரு பாகை திரும்பினால் எஞ்சின் கணக்கில் அது இரண்டு பாகை. பிந்தினால் வெள்ளைப் புகை, இழுவை இல்லை. முந்தினால் எஞ்சின் அடிக்கும்.

குழாய்களைக் கழற்றிய அந்த நிமிடமே ஒவ்வொரு வாய்க்கும் சுத்தமான மூடி போட வேண்டும். துணி திணிக்கக் கூடாது, நூல் உள்ளே போகும். மாற்றுப் பம்பைப் பூட்டி, குறிகளை ஒன்றுசேர்த்து, பில்ட்டரைப் புதிதாக்கிய பின் காற்று எடுக்கும் வேலை. பில்ட்டரின் காற்று எடுக்கும் திருகை நெகிழ்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை, பிறகு விட்டுவிட்டுக் குமிழி, கடைசியில் கண்ணாடி போலத் தெளிந்த டீசல். திருகை இறுக்கி, பம்பில் இருக்கும் திருகிலும் அதையே செய்யுங்கள். அதன் பிறகே பற்றறி வயரைத் திரும்பப் பூட்டி, இன்ஜெக்ரர் பக்கத்து நட்டுகளைச் சற்று நெகிழ்த்தி, ஸ்ராட்டரை விட்டுவிட்டு அடிக்க வேண்டும். டீசல் துடித்து வந்ததும் இறுக்கலாம்.

ஓடும் எஞ்சினில் கசிவைக் கையால் தேடவே வேண்டாம், ஒரு மட்டையைப் பிடியுங்கள். 200 பாரில் பாயும் ஊசிமுனை டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு குற்று அடையாளம் மட்டும் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. காயம் சிறிதென்று வீட்டில் இருந்துவிடாமல் அப்போதே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சத்திரசிகிச்சை தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். முதல் தடவை ஸ்ராட் பண்ணுமுன் ஸ்ரொப் லீவர் முழுவதும் ஓடித் திரும்புகிறதா என்று பாருங்கள். ராக் இறுகி நின்றால் எஞ்சின் கட்டுப்பாடின்றி ஏறிப் போகும். சாவியைத் திருப்பி அதை நிறுத்த முடியாது. காற்று போகும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையோடு இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

கழற்றிய பழைய பம்பை இரும்புக்குப் போட வேண்டாம். உடல் வெடிக்காமல் இருந்தால், டீசல் பம்ப் திருத்தும் கராஜில் தேய்ந்த பிளஞ்சர், பரல் சோடிகளை மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலை அளந்து சமன்செய்து தருவார்கள். உள்ளே இருக்கும் டீசலை வடிக்காமல், எல்லா வாய்க்கும் மூடி போட்டு நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோங்கள். வடித்துவிட்டுச் சில வாரம் மூலையில் போட்டால், மாற்றத் தேவையில்லாத சோடிகளும் துருப்பிடித்துவிடும்.