மணநெல்லும் விதைத் தேர்ச்சியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் தொழிற்சாலைகள் பெருகி, ஏரிப் பாசன நிலத்தின் பரப்புச் சுருங்கிவிட்டது. எஞ்சிய நிலத்தில் நல்ல விலைக்குப் போகும் நெல்லை விரும்புவோர் சீரகச் சம்பாவை நாடுவது இயல்பே. இதன் மகசூல் புதிய ரகங்களினும் குறைவு. அக்குறையை ஈடு செய்வது மணத்திற்குக் கிடைக்கும் விலை. மணம் குன்றினால் குடியானவருக்கு இருவகையிலும் நஷ்டமாம்.

மணநெல்லின் வாசனைக்கு முக்கிய காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும், எளிதில் ஆவியாகும் பொருள். ரம்பை இலை மணப்பதும் இதனாலேயே. சாதாரண நெல்லில் ஒரு நொதி இப்பொருள் சேரவொட்டாமல் தடுக்கின்றது. அந்நொதிக்குரிய ஜீன் பழுதுபட்ட நெல்லில் மணம் சேர்கின்றது. இவ்வுண்மையை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2005-ம் வருஷத்தில் வெளியிட்டனர்.

பழுதான ஜீனைத் தாய், தந்தை இரண்டினிடமிருந்தும் பெற்ற செடியே மணக்கும். ஆகையால் மணநெல்லைச் சாதாரண நெல்லுடன் கலப்புச் செய்தால், முதல் தலைமுறையில் மணம் மறைந்துவிடும். இரண்டாம் தலைமுறையில் சராசரி 4 செடிகளுக்கு 1 செடியே மணக்கும். அச்செடியை இலையிலேயே கண்டறியும் சோதனையொன்றை ஸூத், சித்திக் என்னும் இரு விஞ்ஞானிகள் 1978-ல் வெளியிட்டனர். நறுக்கிய இலையை 1.7 சதவிகிதப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் 10 நிமிஷம் வைத்து முகர்வதே அம்முறை. கதிர் முற்றும்வரை காத்திராமல் செடிகளைப் பொறுக்க இது உதவிற்று. மணத்தையும் மிகு மகசூலையும் ஒருங்கே கொண்ட குட்டை ரகமாகிய பூசா பாஸ்மதி 1, 1989-ல் வெளிவந்தது.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. அயல் மகரந்தம் சேர்வது சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. எனவே மணம் கெடுவதற்குக் களத்திலும் சாக்கிலும் நேரும் கலப்படமே பெருங் காரணம். இதனைத் தடுக்கச் செய்யவேண்டியவை வருமாறு:

1. சென்ற போகத்தில் வேறு ரகம் உதிர்ந்து முளைக்கும் வயலை விதைக்கு ஒதுக்கலாகாது.

2. விதை வயலுக்கும் வேறு ரகத்திற்கும் இடையே 3 மீட்டரேனும் இடைவெளி விடுக.

3. பூக்குங் காலத்திலும் அறுப்புக்கு முன்னும் வேற்றுச் செடிகளைக் களைக.

4. களத்தையும் அறுவடை இயந்திரத்தையும் துப்புரவு செய்த பின்னரே விதை நெல்லை அடிக்கவும்.

பால் பிடிக்குங் காலத்தில் வெப்பம் மிகுந்தால் மணம் குறையும். ஆகவே பனிக்காலத்தில் முற்றும் சம்பாப் பட்டமே ஏற்றது. கடும் வெப்பத்தில் உலர்த்துவதும் நெடுங்காலம் சேமிப்பதும் மணத்தைப் போக்கும்.

அடுத்தடுத்த நிலக்காரர் ஒரே பட்டத்தில் ஒரே ரகத்தைப் பயிரிடும்படி கிராம நிர்வாக அலுவலர்கள் தூண்டுவார்களாயின், அனைவருடைய விதையும் தூய்மையாயிருக்கும்.