மோட்டார் வாங்குமுன் கிணற்றை அளந்துவிடுங்கள்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் பக்கம் உங்கள் வீடு என்றால், 1933-இல் தொடங்கிய அருவிக்கரைக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்த் தண்ணீரோடு பின்பக்கம் ஒரு கிணறும் இருக்கலாம். கிணற்று நீரில் இரும்பின் செம்பழுப்பு தெரிகிறதென்று வடிகட்டி வைக்க நினைக்கிறீர்களா? முதலில் மோட்டாரைக் கவனியுங்கள்.

மோட்டார் எவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்கும்? உண்மையில் அது இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிக்காற்றுதான் கிணற்று நீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. கடலோர ஊரில் காற்றின் பலம் சுமார் 10.3 மீட்டர் நீருக்குத்தான் போதும். இழப்புகள் போக 6, 7 மீட்டரே கைக்கு எட்டும். ஹெச்.பி.யைக் கூட்டினாலும் இந்த ஆழம் அதிகரிக்காது.

பெட்டியில் 40 மீட்டர் என்று போட்டிருக்கிறதே? அது தண்ணீரே வெளிவராத நிலையில் மோட்டார் காட்டும் உச்ச அழுத்தம். கிணற்று ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் எப்போது அளப்பது? இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன், கிணறு வற்றிக் கிடக்கும்போது. மழைக்காலத்தில் அளந்து வாங்கிய மோட்டார் ஏப்ரலில் கைவிட்டுவிடும். கோடை நீர்மட்டம் 6 மீட்டருக்குக் கீழே போனால், கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரை இறக்குங்கள். அல்லது நீர்மூழ்கி மோட்டார் வாங்குங்கள்.

உறிஞ்சு குழாய் (கிணற்றிலிருந்து மோட்டார் வரை வருவது) எப்படி இருக்க வேண்டும்? குட்டையாக, வளைவு குறைவாக, மோட்டாரை நோக்கி ஏறுமுகமாக. நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். செலவைப் பார்த்து அளவைக் குறைக்காதீர்கள்: அதே தண்ணீர் ஒண்ணேகால் இஞ்சுக்குப் பதில் ஒரு இஞ்சுக் குழாயில் போனால் உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்காகும்.

இந்தக் குழாயில் ஓட்டை இருந்தால் மோட்டார் ஓடும்போது தண்ணீர் சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் பலர் மோட்டாரைப் பழிக்கிறார்கள். இரவு குழாயை நிரப்பி வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் மூட்டிலோ ஃபுட் வால்விலோ (குழாயின் அடியில் நீரைப் பிடித்து வைக்கும் மூடி) கசிவு.

மோட்டார் அளவு? உதாரணமாக, கோடை நீர்மட்டம் 5 மீட்டர் கீழே, மாடித் தொட்டி 9 மீட்டர் மேலே, அழுக்கேறிய வடிகட்டிக்கு 7, குழாய் உராய்வுக்கு 3. மொத்தம் 24 மீட்டர். அந்த 24 மீட்டரில் மணிக்கு எத்தனை லிட்டர் தரும் என்று கடையில் கேளுங்கள்.

எத்தனை லிட்டர் வேண்டும்? 30 செ.மீ. விட்டமுள்ள மணல் வடிகட்டிக்கு வடிகட்ட மணிக்கு சுமார் 1000 லிட்டர் போதும். எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு மணலைக் கழுவ 2000 லிட்டராவது வேண்டும். கழுவும் அளவைப் பார்த்தே வாங்குங்கள். வடிகட்டும்போது வால்வைக் கொஞ்சம் மூடிக்கொள்ளலாம்.

ஆனால் மூடுவது தண்ணீர் வெளியேறும் பக்கத்து வால்வையே. உறிஞ்சு பக்கம் நெரித்தால் நீராவிக் குமிழிகள் தோன்றி உடைந்து, உள்ளே சுழலும் தகட்டை அரித்துவிடும். கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, ஃபுட் வால்வின் சல்லடையில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.