தோற்காத அணியும் நீளும் அட்டவணையும்

அமெரிக்கக் கால்பந்தில் அக்டோபர் முடியும்போதெல்லாம் ஒரு கணக்கெடுப்பு நடக்கும்: இன்னும் தோற்காத அணி எது? அந்த அணி தோற்கும்வரை மயாமி டால்ஃபின்ஸ் அணியின் 1972-ஆம் ஆண்டுச் சீசன் பற்றிய பேச்சு ஓயாது. லீக் ஆட்டங்கள் 14, பிளேஆஃப் ஆட்டங்கள் இரண்டு, சூப்பர் பவுல் ஒன்று. பதினேழிலும் வெற்றி, ஒன்றுகூடச் சமனில் முடியவில்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வரிசையில் இரண்டாவதாக ஓர் அணி வந்து நிற்கவில்லை. 2007-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 18 ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்துவிட்டுக் கடைசி ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 14-17 என்று கவிழ்ந்தது. இந்தச் சாதனையைப் பற்றி எழுதுகிறவர்கள் பயிற்சியாளர் டான் ஷூலாவின் கண்டிப்பையும், முந்தைய ஆண்டு சூப்பர் பவுலில் டாலஸிடம் 3-24 என்று வாங்கிய அடியையும் சொல்லி, பழிதீர்த்த கதையாக அதை முடித்துவிடுவார்கள். என் கட்சி வேறு. அந்தச் சீசனை ஜெயித்துக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் பெஞ்சில் இருந்து எழுந்து வந்தவர்கள். உடம்பு தாங்காது என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட அணி அது. அதற்குப் பிறகு அட்டவணையை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் அந்தக் கணக்கைத்தான் மறந்துவிட்டார்கள்.

ஐந்தாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1972 அக்டோபர் 15, எதிரணி சான் டியாகோ. அணியின் மூளையாக இருந்த குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி, இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே சிக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் மூட்டு விலகியது. வேறு எந்த அணியாக இருந்தாலும் சீசன் அன்றோடு முடிந்திருக்கும். மயாமியில் உள்ளே வந்தவர் 38 வயது ஏர்ல் மோரல். பால்டிமோர் அணி வேண்டாமென்று விட்ட அவரை, அந்த ஆண்டு கோடைக்கு முன்னால்தான் மயாமி வெறும் 100 டாலர் கட்டி எடுத்திருந்தது. அந்த வயதில் அந்த விலைக்கு ஒருவரை எடுத்தது தற்செயல் அல்ல. பால்டிமோரில் ஷூலா பயிற்சியாளராக இருந்த 1968-இல், காயம்பட்ட ஜானி யூனிடஸுக்குப் பதிலாக ஆடி, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கியவர் மோரல். 1971 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலிலும் யூனிடஸ் அடிபட்டு வெளியேற, உள்ளே போய் ஜெயித்துக் கொடுத்தார். மற்றவர் விழும்போது எழுந்து ஆடுவதே தொழிலாகிப்போன மனிதர் அவர். முதன்மை ஆட்டக்காரர் விழத்தான் போகிறார் என்று முன்பே முடிவு கட்டிய ஒரு பயிற்சியாளர்தான் இப்படிப்பட்டவரைத் தேடிப் பிடிப்பார். மீதி ஒன்பது லீக் ஆட்டங்களையும் முதல் பிளேஆஃப் ஆட்டத்தையும் மோரல் ஜெயித்தார். 17 வெற்றிகளில் பெரும்பகுதி அந்த 100 டாலர்க்காரர் தொடங்கிய ஆட்டங்களில் வந்தவை.

பந்தோடு ஓடுகிறவர்கள் விஷயத்திலும் இதே கணக்குத்தான். லாரி சோங்கா நேராக முட்டி மோதி ஓடுகிறவர். மெர்குரி மோரிஸ் விலகி விலகிப் பறக்கிறவர். ஒருவர் 1,117 கெஜம், மற்றவர் 1,000 கெஜம். ஒரே அணியில் ஒரே சீசனில் இருவர் ஆயிரத்தைத் தொட்டது லீக் வரலாற்றில் அதுவே முதல்முறை. (மோரிஸ் கணக்கில் முதலில் 991 என்றுதான் இருந்தது. ஓர் ஆட்டத்தில் தவறாக அவர் தலையில் எழுதப்பட்ட ஒன்பது கெஜ இழப்பைப் படச்சுருளைப் போட்டுப் பார்த்து நீக்கிய பிறகு, சொல்லி வைத்தாற்போல் ஆயிரம் வந்தது.) ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிறவர் மூன்றாமவர், ஜிம் கீக். அந்த ஆண்டு மோரிஸிடம் தன் இடத்தை இழந்து பெஞ்சுக்குப் போனவர். கிளீவ்லாந்துக்கு எதிரான பிளேஆஃபில் கடைசிக் கட்டத்தில் மயாமி 13-14 என்று பின்தங்கி நின்றபோது எட்டு கெஜம் ஓடி அணியைக் காப்பாற்றியவர் அவர்தான். அடுத்து பிட்ஸ்பர்க்கில் இரண்டு டச்டவுன், சூப்பர் பவுலில் ஒன்று. மூன்று நாக்-அவுட் ஆட்டங்களிலும் வெற்றியை உறுதிசெய்த டச்டவுன் அவருடையது. இடம் பறிபோனவரின் கால்கள் டிசம்பரிலும் சோராமல் இருந்ததற்கு, அதுவரை அவர் குறைவாக ஆடியதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் இன்னொரு விசேஷம். அப்போது பிளேஆஃப் எந்த ஊரில் என்பது சுழற்சி முறையில் தீர்மானிக்கப்பட்டதால், ஒரு தோல்வியும் இல்லாத அணி, மூன்று தோல்வி கண்ட அணியின் ஊருக்குப் பயணம் போக வேண்டியிருந்தது! முதல் பாதி 7-7. மயாமியின் அந்த ஏழும்கூட, பந்தை உதைப்பதாகப் பாவனை காட்டிய அதன் ஆட்டக்காரர் லாரி சைபிள் தானே 37 கெஜம் தூக்கிக்கொண்டு ஓடியதால் கிடைத்த வாய்ப்பில் வந்தது. இரண்டாம் பாதியில் ஷூலா மோரலை உட்கார வைத்துவிட்டு, கால் தேறியிருந்த கிரீஸியை இறக்கினார். பத்து வாரம் ஜெயித்துக்கொண்டே வந்தவரை எடுப்பது கல்மனசு வேண்டிய காரியம். ஆனால் முழு ஆட்டத்துக்குத் தயாரான இருவரை ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தவருக்குத்தான் அந்தத் தேர்வு கிடைத்தது. ஆட்டம் 21-17. இரண்டு வாரம் கழித்து 1973 ஜனவரி 14-இல், லாஸ் ஏஞ்சலஸில் வாஷிங்டனை 14-7 என்று தோற்கடித்தார்கள். வாஷிங்டன் எடுத்த ஏழும்கூட, தடுக்கப்பட்ட ஓர் உதையை மயாமியின் உதையாளரே கையிலெடுத்து வீச முயன்று சொதப்பியதால் போன தானம்.

எளிதான எதிரணிகளாகப் பார்த்து ஆடித்தானே ஜெயித்தார்கள் என்று ஒரு விமர்சனம் உண்டு. அந்த ஆண்டு மயாமி சந்தித்த லீக் எதிரணிகளில் தோல்வியைவிட வெற்றி அதிகம் வைத்திருந்தவை இரண்டே இரண்டு என்பதும் உண்மை. அட்டவணையை அணி போடுவதில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

இனி விலைக்கு வருகிறேன். மோரல் 2014-இல் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோயான சிடிஇ, அதன் கடைசி நிலையில் இருந்தது தெரியவந்தது. பெஞ்சிலிருந்து வந்து டச்டவுன்களை அடித்த கீக், ஞாபகம் சிதறிப்போன நிலையில் 2020-இல் 73 வயதில் காலமானார். அவருக்கும் அதே நோய். பெரிய நட்சத்திரங்கள் இல்லாததால் ‘பெயரற்ற தடுப்பணி’ என்று அழைக்கப்பட்ட மயாமி தடுப்பணியின் தலைவர் நிக் புவோனிகாண்டி, தன் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாக 2017-இல் அறிவித்தார், 2019-இல் இறந்தார், அவருக்கும் அதே முடிவு. அவருடைய மகன் 1985-இல் கல்லூரிக் கால்பந்தில் ஒரு மோதலில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். முதுகுத்தண்டு காயத்துக்கு மருந்து தேடும் ஆய்வு மையம் ஒன்றை மயாமியில் கட்டியெழுப்புவதிலேயே அந்தத் தந்தையின் பிற்கால வாழ்க்கை கழிந்தது. ஒரே அணி, ஒரே சீசன், கோப்பையைத் தொட்ட மூன்று கைகள். 14 லீக் ஆட்டங்கள் கொண்ட சீசன்களில் பெரும்பாலும் ஆடிய தலைமுறையின் கதி இது.

அட்டவணையோ அங்கே நிற்கவில்லை. 1978-இல் லீக் ஆட்டங்கள் 16 ஆயின, 2021-இல் 17. பதினெட்டாக்கும் பேச்சு பகிரங்கமாகவே நடக்கிறது. இதை ஆதரிப்பவர்கள் கெட்டிக்காரத்தனமான ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள்: 1972-இல் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் ஆறு, லீக் ஆட்டங்கள் 14, ஆக 20. பிறகு நாலும் 16-ம், 20. இப்போது மூன்றும் 17-ம், அதுவும் 20. மொத்தம் கூடவேயில்லை, பிறகு என்ன புலம்பல் என்கிறார்கள். கூட்டல் சரி, கூட்டப்படும் சரக்கு ஒன்றல்ல. பயிற்சி ஆட்டம் என்பது அணியில் இடம் தேடும் இளைஞர்கள் ஆடுவது. முதல்தர ஆட்டக்காரர்கள் அதில் சில நிமிடம் தலைகாட்டுவார்கள், பல நேரம் அதுவும் இல்லை. அதில் ஒன்றை எடுத்துவிட்டு லீக் ஆட்டம் ஒன்றை வைத்தால், முக்கிய ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு முழு ஆட்டத்தின் மோதல்களைக் கூடுதலாகத் தலையில் வாங்குகிறார். பால் கணக்கில் தண்ணீரை எடுத்துவிட்டுப் பாலை ஊற்றி, படி அதே படிதான் என்று சொல்வது போலிருக்கிறது இது.

இப்போது ஆட்டம் பாதுகாப்பாகிவிட்டது என்பது அடுத்த பதில். தலைக்கவசம் மேம்பட்டிருக்கிறது, தலையால் முட்டினால் தண்டனை, ஆட்டத் தொடக்க உதையின் விதியையே 2024-இல் மாற்றியிருக்கிறார்கள், அடிபட்டவரை உடனே பரிசோதிக்கிறார்கள், 1990-இலிருந்து நடுவில் ஒரு வாரம் ஓய்வும் உண்டு. இவை எல்லாமே நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியும் பெரிய அடியைக் குறைக்கப் பிறந்தவை. சிடிஇ ஆராய்ச்சி காட்டும் திசை வேறு: மயங்கி விழ வைக்கும் ஓர் அடியைவிட, யாரும் கவனிக்காத சின்னச் சின்ன மோதல்கள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே ஆபத்து என்கிறது அது. முன்வரிசையில் நிற்கும் கனத்த ஆட்டக்காரர்கள் பந்து நகரும் ஒவ்வொரு முறையும் மோதிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கைக் குறைக்க நம்பகமான வழி, மோதும் தடவையைக் குறைப்பதுதான். ஒரு கையால் விதியை இறுக்கி, மறு கையால் ஆட்டத்தைக் கூட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வில், பரிசோதித்த முன்னாள் லீக் ஆட்டக்காரர்களின் 111 மூளைகளில் 110-இல் இந்த நோய் இருந்தது. குடும்பத்தினர் ஏற்கெனவே சந்தேகப்பட்டுக் கொடுத்த மூளைகள்தானே அவை, எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அது பொருந்தாதே என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம். ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை சதவீதம் என்பதில்தான் அந்தக் கேள்வி விளையாட முடியும். நோய் இருக்கிறது என்பதிலோ, அடிபடும் ஆண்டுகள் கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடுகிறது என்பதிலோ அல்ல.

கடைசியாக எடுத்துவைக்கப்படுவது சம்மதம். யாரும் துப்பாக்கியைக் காட்டி ஆடச் சொல்லவில்லை; கோடிகளில் சம்பளம்; ஆட்டக்காரர் சங்கமே வாக்கெடுத்துத்தான் பதினேழாவது ஆட்டத்துக்குக் கதவைத் திறந்தது. அந்த வாக்கெடுப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் ஆதரவு 1,019, எதிர்ப்பு 959. வித்தியாசம் 60. ஏறக்குறைய சரிபாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றவர்களுக்கு எதிரில் வைக்கப்பட்டது குறைந்தபட்சச் சம்பள உயர்வும், வருமானத்தில் கூடுதல் பங்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளே களத்தில் நிற்கப்போகிற, அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருக்கிற ஒரு சாதாரண ஆட்டக்காரருக்கு அந்தச் சம்பள உயர்வு உயிர்நாடி. ஆனால் இன்றைய வீட்டுக் கடனையும் அறுபது வயதில் வரக்கூடிய ஞாபக மறதியையும் ஒரே தராசில் வைத்து எடைபோடச் சொல்லி வாங்கிய சம்மதத்தை, மறுபேச்சில்லாத சம்மதமாக ஏற்க எனக்கு மனமில்லை. அறுபதில் வருவதை இருபத்தாறில் எடைபோட யாராலும் முடியாது.

விளையாட்டுக்காகவாவது இதை யோசிக்கலாம். தோற்காத சீசன் என்ற ஒன்று மறுபடி நடக்க வேண்டுமானால், இன்றைய அட்டவணைப்படி ஓர் அணி தொடர்ந்து 20 ஆட்டங்களை ஜெயிக்க வேண்டும். அதுவும் தன் பிரிவில் முதலிடம் பிடித்து, பிளேஆஃபின் முதல் சுற்றில் ஓய்வு கிடைத்தால். மயாமி ஜெயித்தது 17. இந்த மூன்று ஆட்டமும் திறமையைவிட அதிகமாக அதிர்ஷ்டத்தைக் கேட்கும் மூன்று ஆட்டம்: யாருடைய முழங்கால் தப்பியது, யாருடைய கணுக்கால் தப்பியது என்பதே பட்டத்தை முடிவுசெய்யும். மோரல் போன்ற ஒருவரை மாற்றாக வைத்துக்கொண்டு தப்பிக்கலாமே என்றால், நல்ல குவார்ட்டர்பேக்குகளை முதல் இடத்துக்கே தேடி அலையும் காலத்தில் இரண்டாவதாக ஒருவரை 100 டாலருக்கு யாரும் விட்டுவைப்பதில்லை.

ஆகவே பதினெட்டாவது ஆட்டத்தைக் கொண்டுவருவதாக இருந்தால், குறைந்தது மூன்று நிபந்தனைகளாவது அதோடு சேர்ந்து வர வேண்டும். நடுவில் இரண்டாவது ஓய்வு வாரம்; ஞாயிறு ஆடிய அணியை வியாழனே மறுபடி களமிறக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி; 53 பேர் என்ற அணிப் பட்டியலை உயர்த்தி, ஒரு சீசனில் எந்த ஆட்டக்காரரும் 16 லீக் ஆட்டத்துக்கு மேல் ஆடக்கூடாது என்ற வரம்பு. இந்த மூன்றையும் தர முடியாதென்றால் பதினெட்டு வேண்டாம். பதினேழே அதிகம்.