வாசல் வரை வண்டி

தேவிகுளம் பக்கம் ஒரு மலைச் சாலை. சாலையின் ஒரு பக்கம் மேடு. மறு பக்கம் பள்ளம். மேட்டுப் பக்கம் ஓர் ஓடை. மழைத் தண்ணீர் அதில் ஓடும். ஓடையை ஒட்டி ஓரக்கற்கள் வரிசையாகப் பதித்திருக்கும். ஓடைக்கு அப்பால் ஒரு வீடு.

அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கி ஓர் ஆட்டோ வாங்கினார். இரவில் அதைச் சாலையில் நிறுத்தப் பயம். முற்றத்தில் இடம் இருந்தது. ஆனால் ஓரக்கல்லும் ஓடையும் குறுக்கே நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்தார். ஐந்தாறு ஓரக்கற்களைப் பெயர்த்தார். ஓடைக்குள் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பினார். மேலே சிமெண்ட் பூசினார். ஆட்டோ சுகமாக ஏறியது. செலவும் குறைவு. அவருக்கு மகிழ்ச்சி.

ஜூன் மாதம் இடவப்பாதி மழை வந்தது. ஓடையில் வந்த தண்ணீருக்குப் போக வழி இல்லை. அது சாலைமேல் ஏறியது. குறுக்கே பாய்ந்து பள்ளத்து வீடுகளுக்குள் புகுந்தது. எதிர்வீட்டுப் பாட்டியின் அடுப்படியில் முழங்கால் அளவு தண்ணீர். அரிசியும் விறகும் நனைந்துவிட்டன.

"ஏய்யா, உன் வண்டி மேலே ஏற என் வீடு மூழ்கணுமா?" என்று பாட்டி கேட்டார்.

அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் குமுளி, பீர்மேடு, மூணாறு பக்கங்களில் எந்தச் சாலையிலும் நடக்கக்கூடியது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துச் சமவெளியிலும் நடக்கக்கூடியது. வீட்டுக்கு வண்டி வர வழி வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதை முறையாகச் செய்வது எப்படி?

சாலை ஓரம் யாருக்குச் சொந்தம்?

வீட்டுக்கு முன்னால் இருக்கும் ஓரக்கல் வீட்டுக்காரருக்குச் சொந்தம் அல்ல. ஓடையும் அவருடையது அல்ல. தார் போட்ட பகுதி மட்டும் சாலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நடைபாதை, ஓரக்கல், ஓடை எல்லாம் சேர்ந்ததுதான் சாலை. அது பொதுச்சொத்து.

பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் சுவரோ வேலியோ தடையோ அமைக்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் சொல்கிறது. பெரிய சாலைகளைக் காக்க 1999ஆம் ஆண்டின் கேரள நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி, அனுமதி பெறாமல் தேசிய நெடுஞ்சாலைக்கு வண்டி வழி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அனுமதி இல்லாமல் கட்டியதை அதிகாரிகள் இடிக்கலாம். இடித்த செலவையும் கட்டியவரிடமே கேட்கலாம்.

ஓடை அடைந்தால் என்ன ஆகும்?

மலைச் சாலைக்கு முதல் எதிரி தண்ணீர். மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரை ஓடை பிடித்துக் கொண்டுபோகும். சாலையின் அடியில் உள்ள சிறு பாலம் வழியாக அதைப் பள்ளத்தில் விடும். நடுவில் ஓர் இடத்தில் அடைத்தாலும் தண்ணீர் சாலைமேல் ஏறிவிடும். தாருக்கு அடியில் புகுந்து மண்ணை ஊற வைக்கும். தார் பெயரும். குழி விழும். தண்ணீர் பள்ளத்துப் பக்கம் பாய்ந்தால் சாலையின் ஓரமே சரியலாம்.

2018 ஆகஸ்டு மாதப் பெருமழையில் இடுக்கி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. சாலைகள் உடைந்தன. ஊர்கள் தனித்து நின்றன. அவ்வளவு பெரிய மழையை ஓடை மட்டும் தடுத்துவிடாது. ஆனால் ஓடை திறந்திருந்தால் சாதாரண மழையில் சாலை பிழைக்கும். பள்ளத்து வீடுகளும் பிழைக்கும்.

எந்தச் சாலைக்கு எந்த அலுவலகம்?

முதலில் வீட்டுக்கு முன்னால் உள்ள சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வார்டு மெம்பரைக் கேட்டால் சொல்வார்.

ஊருக்குள் உள்ள சாலைகள் பெரும்பாலும் பஞ்சாயத்துச் சாலைகள். இவற்றுக்குப் பஞ்சாயத்துச் செயலாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

மாநில நெடுஞ்சாலையும் மாவட்டத்தின் முக்கியச் சாலைகளும் பொதுமராமத்துத் துறையைச் சேர்ந்தவை. பி.டபிள்யூ.டி. என்று சொல்வது இதைத்தான். மூணாற்றிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்குப் போகும் சாலை இந்த வகை. இதற்குத் துறையின் சாலைப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்க்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை மூன்றாவது வகை. வாளையாறு வழியாகப் பாலக்காடு போகும் சாலை 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மூணாற்றிலிருந்து பூப்பாறை வழியாகப் போடிமெட்டு போவது 85ஆம் எண். வண்டிப்பெரியாறு வழியாகக் குமுளி போவது 183ஆம் எண். இவற்றில் விதிகள் கடுமையானவை. வண்டிகள் வேகமாக வரும் சாலை என்பதே காரணம்.

தேயிலைத் தோட்டங்களுக்குள் இருக்கும் பல சாலைகள் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமானவை. அங்கே கம்பெனியின் அனுமதி வேண்டும்.

தமிழில் எழுதலாம்

மலையாளம் எழுதத் தெரியாது என்று பலர் அலுவலகத்துக்கே போவதில்லை. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துப் பணம் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். அது தேவையில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமை கொடுத்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும்கூடத் தமிழில் எழுதலாம்.

விண்ணப்பம் இப்படி இருக்கலாம்:

பெறுநர்: செயலாளர், ............ கிராம பஞ்சாயத்து.
அனுப்புநர்: பெயர், வீட்டு எண், வார்டு எண், ஊர்.
பொருள்: வீட்டுக்கு வண்டி வழி அமைக்க அனுமதி கேட்பது.

ஐயா / அம்மா,
............ சாலையின் ஓரத்தில் என் வீடு இருக்கிறது. என் வீட்டு முற்றத்துக்கு வண்டி வர, முன்னால் உள்ள ஓரக்கல்லை 3 மீட்டர் நீளத்துக்குத் தாழ்த்த வேண்டும். ஓடையின் மேல் கான்கிரீட் பலகை போட வேண்டும். தண்ணீர் ஓடுவதற்குத் தடை வராது. இடத்தைப் பார்வையிட்டு அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
இணைப்பு: நில வரி ரசீது நகல், இடத்தின் வரைபடம்.
நாள், கையொப்பம்.

வரைபடம் பெரிய வேலை அல்ல. வீடு, ஓடை, சாலை, வழி ஆகிய நான்கையும் ஒரு தாளில் வரைந்து அளவு எழுதினால் பேச உதவியாக இருக்கும். முறையான வரைபடம் வேண்டும் என்றால் அலுவலகத்தில் சொல்வார்கள். அருகில் மின்கம்பம், குடிநீர்க் குழாய், வளைவு, பஸ் நிறுத்தம், சிறு பாலம் இருந்தால் அதையும் காட்ட வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்ததும் ரசீது வாங்க வேண்டும். ரசீதில் எண்ணும் நாளும் இருக்கும். பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டியும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அந்த 10 ரூபாயும் கட்ட வேண்டாம். கணினி வழியாக விண்ணப்பிக்க வேண்டி வந்தால் அக்ஷயா மையத்தில் உதவி கிடைக்கும்.

வழியை எப்படி அமைப்பது?

ஓடையை நிரப்பக் கூடாது. மூடத்தான் வேண்டும். ஓடையின் இரு சுவர்களின் மேலும் கான்கிரீட் பலகை படுக்க வேண்டும். சிலர் ஓடைக்குள் சிறு சிமெண்ட் குழாயைப் புதைத்து மேலே மண் போடுகிறார்கள். இலையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். உள்ளே கை விட்டுச் சுத்தம் செய்யவும் முடியாது.

ஒரே பெரிய பலகையாகப் போடாமல் துண்டு துண்டாகப் போடுவது நல்லது. தூர் வாரும்போது தூக்கி வைக்கலாம்.

சரிவு தார்ச் சாலைக்குள் நீளக் கூடாது. நீண்டால் இரவில் வரும் மோட்டார் சைக்கிள் அதில் மோதும். சரிவை வீட்டுப் பக்கமாகவே இறக்க வேண்டும் அல்லது ஏற்ற வேண்டும். நடைபாதை உள்ள இடத்தில் நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பாதை தட்டையாகவே இருக்க வேண்டும்.

இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012இல் நடைபாதை பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. நடைபாதை சாலையைவிட 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று அது சொல்கிறது. சக்கர நாற்காலி ஏற, உயரத்தைப்போல் 12 மடங்கு நீளச் சரிவு வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 180 சென்டிமீட்டர். அதாவது ஏறக்குறைய 6 அடி. வீட்டில் நடக்க முடியாதவர் இருந்தால் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

எவ்வளவு செலவாகும்?

செலவு நான்கு வகை.

முதலாவது, அலுவலகத்தில் கட்டும் தொகை. விண்ணப்பக் கட்டணம் இருக்கும். சாலையை உடைக்க வேண்டி வந்தால் அதைச் சரிசெய்யும் செலவுக்கும் தொகை கட்டச் சொல்லலாம். இடத்தைப் பார்த்துப் பொறியாளர் கணக்குப் போடுவார். எந்தத் தொகைக்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாத பணத்தைக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, கம்பத்தையோ குழாயையோ மாற்றும் செலவு. மின்கம்பம் வழியில் நின்றால் மின்வாரியத்திடம் சொல்ல வேண்டும். மாற்றும் செலவு கேட்பவருடையது. வழியைச் சற்றுத் தள்ளி வைத்தால் இந்தச் செலவு மிச்சம்.

மூன்றாவது, பொருள். ஒரு கணக்குப் பார்ப்போம். ஓடையின் அகலம் 60 சென்டிமீட்டர். பலகை இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் சுவர்மேல் படுக்க வேண்டும். ஆகப் பலகையின் அகலம் 90 சென்டிமீட்டர். வழியின் நீளம் 3 மீட்டர். கனம் 15 சென்டிமீட்டர்.

3 × 0.90 × 0.15 = 0.405 கன மீட்டர்.

ஒரு கன மீட்டர் நல்ல கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் வேண்டும். இந்த வேலைக்கு 3 மூட்டைக்குச் சற்று அதிகம். 4 மூட்டை வாங்கினால் போதும். இதோடு மணல், ஜல்லி, கம்பி. கம்பியின் அளவையும் பலகையின் கனத்தையும் பொறியாளர் சொல்ல வேண்டும். லாரி ஏறும் இடத்துக்கு இந்தப் பலகை போதாது.

3 மீட்டரை 50 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரித்தால் 6 பலகை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 170 கிலோ. நான்கைந்து பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம்.

நான்காவது, கூலி. பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே வழக்கம்தான். அங்கே 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். ஓரக்கல்லைத் தாழ்த்தும் செலவு வீட்டுக்காரருடையது. செலவு செய்தாலும் அந்த இடம் அவருடையது ஆகாது. பொதுச் சாலையாகவே இருக்கும்.

மறுபடியும் அந்த வீட்டில்

ஆட்டோக்காரர் மறுநாளே ஓடையைத் தோண்டித் திறந்தார். பஞ்சாயத்துக்கு விண்ணப்பம் எழுதினார். தமிழில், தன் கையாலேயே எழுதினார். பொறியாளர் வந்து பார்த்தார். வளைவிலிருந்து வழியைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னார். மழை நின்றதும் வேலை நடந்தது. முதல் முறை போட்ட சிமெண்டும் கூலியும் வீண். இரண்டு முறை செலவு ஆனது.

அடுத்த இடவப்பாதி வந்தது. தண்ணீர் பலகைக்கு அடியில் சலசலத்து ஓடியது. ஆட்டோ முற்றத்தில் நின்றது. பாட்டியின் அடுப்படி காய்ந்திருந்தது.

ஒரு நாள் இரவு பாட்டிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக அவர் கூப்பிட்டது எதிர்வீட்டு ஆட்டோவைத்தான்.

நினைவில் வைக்க:

அனுமதி வாங்கிய பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.
ஓடையை மூடலாம், நிரப்பக் கூடாது.
மழைக்காலத்துக்கு முன் பலகையைத் தூக்கித் தூர் வார வேண்டும்.
கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும்.