ஓடத்துறையும் நாணய மாற்றுத் துறையும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழுகின்ற பக்கத்தை எழுவான்கரை என்றும், படுகின்ற பக்கத்தைப் படுவான்கரை என்றும் முன்னோர் வழங்கினர். படுவான்கரையின் நெல் எழுவான்கரைச் சந்தைக்கு வருவதற்கும், எழுவான்கரையின் துணிமணியும் உப்பும் மறுகரைக்குச் செல்வதற்கும் நெடுங்காலமாக ஓடத்துறைகளே வழியாயிருந்தன. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலுள்ள துறையை அறியாதார் அப்பகுதியில் இலர். வாவி எத்துணை அகன்றிருப்பினும், இன்னார் இன்ன பொருளோடு கரை கடந்தார் என்பதை அறிய விரும்பும் ஒருவர் நீர்ப்பரப்பு முழுவதையும் காவல் காக்க வேண்டுவதில்லை. துறையிலே நின்றாற் போதும்.

இந்த எளிய உண்மையை மனத்திற் கொண்டால், இக்காலத்தில் அடிக்கடி செய்திகளில் அடிபடும் ஒரு விடயம் இலகுவில் விளங்கிவிடும். மெய்நிகர் நாணயங்களை மாற்றிக் கொடுக்கும் நிலையங்கள் திடீரென மூடப்படுகின்றன. அவற்றை நடத்தியோர் கைது செய்யப்படுகின்றனர். பணம் தூயதாக்கல் என்னும் குற்றம் அவர்கள்மீது சாட்டப்படுகின்றது. எங்கோ நடக்கும் இச்செயலுக்கும் வாவிக்கரைக் குடும்பம் ஒன்றுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதனைப் படிப்படியாக ஆராய்வோம்.

முதலில் மெய்நிகர் நாணயம் என்பது யாது? கையிலே எடுத்துப் பார்க்கக்கூடிய தாளோ உலோகமோ அன்று அது. அது கணினிகளில் எழுதப்பட்ட ஒரு கணக்கு. 2009ஆம் ஆண்டில் தொடங்கிய பிட்கொயின் என்பதே இவற்றுள் மூத்தது. ஊரிலே சீட்டுப் பிடிக்கும்போது ஒருவர் மாத்திரம் கணக்குக் கொப்பி வைத்திருப்பார். பிட்கொயினிலோ, அந்தக் கொப்பியின் படி உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றது. இந்த எண்ணிலிருந்து அந்த எண்ணுக்கு இவ்வளவு சென்றது என்று எழுதப்பட்ட வரியை எவரும் பார்க்கலாம். அதைப் பின்னர் அழித்தல் அரிதினும் அரிது. ஆனால் அங்கே எண்கள் உண்டேயன்றிப் பெயர்கள் இல்லை. அந்த எண்ணுக்குரியவர் ஓர் இரகசியத் திறவுகோலை வைத்திருப்பார். திறவுகோல் யாரிடம் உள்ளதோ அவரே பொருளுக்கு உடையவர்.

இந்த நாணயத்தைக் கொண்டு களுவாஞ்சிகுடிச் சந்தையிலே மீன் வாங்க முடியாது. ரூபாவாகவோ டொலராகவோ மாற்றினாலன்றி அது சோறு போடாது. அவ்வாறு மாற்றித் தரும் இடமே மாற்று நிலையம். மெய்நிகர் நாணயம் ஒரு கரை; வங்கிப் பணம் மறு கரை; மாற்று நிலையம் இரண்டுக்கும் இடையிலுள்ள ஓடத்துறை. ஆதலின் நேர்மையாளரும் அங்கே வருவர். திருடரும் அங்கே வருவர்.

மாற்று நிலையங்கள் மூடப்படுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டாகும். முதலாவது, ஓடக்காரனே பொருளைத் தொலைத்துவிடுதல் அல்லது எடுத்துக்கொள்ளுதல். பெரும்பாலான வாடிக்கையாளர் தம் திறவுகோலைத் தாமே வைத்திருப்பதில்லை; நிலையத்திடமே விட்டுவிடுகின்றனர். தோக்கியோ நகரில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் என்னும் நிலையம் 2014 பெப்ருவரியில் கதவடைத்தபோது, ஏறக்குறைய 8,50,000 பிட்கொயின்கள் காணாமற் போனதாக அறிவித்தது. அவற்றுள் 2,00,000 பின்னர் கண்டெடுக்கப்பட்டன. இழந்தோருக்கு அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் பணி 2024ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது, பத்தாண்டு காத்திருப்பு! 2022 நவம்பரில் வீழ்ந்த எஃப்.டி.எக்ஸ் என்னும் பெருநிலையத்தின் கதை வேறு. அங்கே வீழ்ச்சிக்குக் காரணம் வெளியாரின் களவு அன்று. வாடிக்கையாளர் வைத்த பணத்தை நிலையத்தின் தலைவரே தமது மற்றொரு நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டார். அமெரிக்க நீதிமன்றம் 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இரண்டாவது காரணம், துறையிலே கள்ளப் பொருள் கடத்தப்படுகின்றது என்று சட்டம் வந்து துறையை மூடுதல். இங்கேதான் பணம் தூயதாக்கல் என்னும் தொடரை விளக்க வேண்டியிருக்கின்றது. போதைப்பொருள் விற்றோ, இலஞ்சம் வாங்கியோ, பிறரை ஏமாற்றியோ ஒருவன் பணம் சேர்க்கின்றான் எனக் கொள்வோம். அப்பணத்தை அப்படியே செலவு செய்தால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். ஆகவே அவன் மூன்று படிகளை ஏறுகின்றான். முதற்படியில், பணத்தை எவ்விதமேனும் ஒரு கணக்கினுள் புகுத்துகின்றான். இரண்டாம் படியில், அதனைப் பல பெயர்களிலும் பல நாடுகளிலும் மாற்றி மாற்றித் தடத்தை மறைக்கின்றான். மூன்றாம் படியில், அதே பணத்தைக் காணியாகவோ கடையாகவோ வாகனமாகவோ ஆக்கி, உழைத்துச் சேர்த்தவன் போல ஊரில் உலவுகின்றான். சேற்றுத் துணியைப் பல துறைகளில் அலசி வெள்ளையாக்குவது போன்றது இது.

இதற்கு முன்னோடியாக அமைந்தது லிபர்ட்டி ரிசேவ் என்னும் நிறுவனம். பெயரும் முகவரியும் மெய்யோ பொய்யோ என்று கேளாமல் அது கணக்குத் திறந்து கொடுத்தது. கொஸ்தாரிக்கா நாட்டிலிருந்து இயங்கிய அந்நிறுவனம் 2013 மே மாதத்தில் மூடப்பட்டது. 600 கோடி டொலருக்குமேல் அதன் வாயிலாகத் தூயதாக்கப்பட்டது என்று அமெரிக்க வழக்குத் தொடுநர் குற்றஞ்சாட்டினர். அதனை நிறுவியவருக்கு 2016இல் 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. 2017இல் பி.ரி.சி.-ஈ என்னும் நிலையம் முடக்கப்பட்டு, அதனை நடத்தியதாகக் கூறப்பட்டவர் கிரேக்க நாட்டில் கைதானார். 2025 மார்ச்சில் இரசியத் தொடர்புடைய கரண்டெக்ஸ் முடக்கப்பட்டது. அதன் நிருவாகிகளுள் ஒருவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் பிடிபட்ட இடம் கேரளத்தின் வர்க்கலை என்னும் கடற்கரை ஊர். பூகோளத்தின் எம்மூலையிலும் ஒளிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் பொய்த்துப்போனமைக்கு இது சான்று.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். பெயரில்லாத எண்களாயின் காவல்துறை எவ்வாறு ஆளைக் கண்டுபிடிக்கின்றது? முன்னர்க் கூறிய கணக்குக் கொப்பியே காட்டிக்கொடுக்கின்றது. திருடப்பட்ட நாணயம் எத்தனை எண்கள் வழியே சென்றாலும் ஒவ்வொரு அடியும் எழுதப்பட்டிருக்கின்றது. இறுதியில் அது பணமாக மாறத் துறைக்கு வந்தே தீரவேண்டும். அங்கே அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் பதிவாகியிருக்குமாயின், எண்ணுக்குப் பெயர் கிடைத்துவிடுகின்றது. பதிவு செய்யாது ஆள்களை ஏற்றும் துறைகளையே சட்டம் முதலில் தேடி அடைக்கின்றது. ஆனால் துறை அடைபடும் நாளில் கள்வனின் மூட்டையோடு ஏழையின் மூட்டையும் உள்ளே சிக்கிவிடுகின்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் 2006ஆம் ஆண்டிலேயே பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும், நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டமும் இயற்றப்பட்டன. மத்திய வங்கியிலுள்ள நிதியியல் உளவறிதல் பிரிவு, ஐயத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களைப் பற்றி வங்கிகளிடமிருந்து அறிக்கை பெறுகின்றது. மெய்நிகர் நாணயங்களைப் பொறுத்தவரை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்தது. அத்தகைய தொழிலை நடத்துவதற்குத் தான் எவருக்கும் உரிமம் வழங்கவில்லை என்பதை அவ்வெச்சரிக்கைகளில் எடுத்துக் கூறியது. வங்கி அட்டைகளைக் கொண்டு அந்நாணயங்களை வாங்குதல் 2021இல் விதிக்கப்பட்ட பணிப்பினால் தடுக்கப்பட்டது.

எச்சரிக்கையைக் கேளாமையின் விளைவு 2023இல் வெளிப்பட்டது. எம்.ரி.எஃப்.ஈ என்னும் கைத்தொலைபேசிச் செயலி, வெளிநாட்டு வணிகத்தில் நாள்தோறும் இலாபம் ஈட்டித் தருவதாகச் சொல்லி, வங்காளதேசத்திலும் இலங்கையிலும் பெருந்தொகையானோரை ஈர்த்தது. புதியவரைச் சேர்ப்போருக்கு மேலதிகக் கொடுப்பனவும் உண்டு. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் பணத்தை மீளப்பெற இயலாமற் போயிற்று. இலாபம் காட்டிய திரையிலே கடன் தோன்றியது. போட்ட பணமும் போய், மேலும் கட்ட வேண்டும் என்று கணக்குக் காட்டியது அச்செயலி! மத்திய வங்கி அதனையும், ஸ்போட்ஸ் செயின், ஒன்மக்ஸ் டீரீ முதலியவற்றையும் தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலில் வெளியிட்டது. வங்கித்தொழில் சட்டத்தின்படி இத்தகைய திட்டங்களைத் தொடங்குவது மாத்திரமன்றி, விளம்பரப்படுத்துவதும் ஊக்குவிப்பதும்கூடக் குற்றமாகும். தன் மைத்துனனையும் சித்தப்பாவையும் நம்பவைத்துச் சேர்த்துவிட்டவன், தான் இழந்தவன் என்று மாத்திரம் சொல்லித் தப்ப முடியாது.

இது முற்றிலும் புதிய நோயுமன்று. 2008இல் கோல்டன் கீ என்னும் கடன் அட்டை நிறுவனம், வங்கி உரிமமின்றிப் பெற்ற வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டாது வீழ்ந்தது. அன்று கண்ணாடி மாளிகையைக் கண்டு நம்பினர். இன்று கைத்தொலைபேசித் திரையைக் கண்டு நம்புகின்றனர். வங்கி தரும் வட்டியைப் போலப் பன்மடங்கு தருவதாகக் கூறுவோர், அப்பணம் எங்கிருந்து விளைகின்றது என்று காட்டுவதில்லை. பின்னர் வருவோரின் முதலையே முன்னர் வந்தோருக்கு வட்டியாகக் கொடுக்கின்றனர். புதியவர் வரவு குறையும் நாளே அத்துறை மூடப்படும் நாள்.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் இந்த விடயம் வேறொரு வாயிலாலும் வீட்டினுள் நுழைகின்றது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தல் இங்கு பெற்றோரின் தலையாய கடன். அதன்பொருட்டு மத்தியகிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற ஆண்களும் பெண்களும் பலர். அவர்கள் அனுப்பும் பணம் சில வேளைகளில் வங்கி வழியாக வராமல் உண்டியல் வழியாக வருகின்றது. உண்டியலில் பணம் கடல் கடப்பதில்லை. அங்கே ஒருவர் றியாலைப் பெற்றுக்கொள்ள, இங்கே அவருடைய கூட்டாளி ரூபாவைக் கொடுக்கின்றார். 2021இல் வங்கி வீதத்துக்கும் வெளிவீதத்துக்கும் வேறுபாடு பெருகியபோது உண்டியல் செழித்தது. 2020இல் 710 கோடி டொலராயிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணவரவு, 2021இல் 549 கோடியாகவும், 2022இல் 379 கோடியாகவும் வீழ்ந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலரின்றி நாடு வரிசையில் நின்ற காலம் அது.

உண்டியலில் கையளிக்கப்படும் ரூபா யாருடைய ரூபா என்பதே பெருங்கேள்வி. வெல்லாவெளியில் ஒரு தாய் இருப்பதாகக் கொள்வோம். மகள் குவைத்திலே வேலை செய்கின்றாள். தெரிந்த இளைஞன் ஒருவன் வந்து, “அக்கா, உங்கட கணக்கு இலக்கத்தைத் தாங்க. காசு வந்து விழும்; எடுத்துத் தந்தாப் போதும். உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு” என்கின்றான். தாய் இசைகின்றாள். வந்து விழுந்த தொகை, இணையத்தில் ஏமாற்றப்பட்ட வேறொருவருடையதாக இருக்கலாம். போதைப்பொருள் விற்ற பணமாகவும் இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு சென்ற இளைஞன் மெய்நிகர் நாணயமாக மாற்றிக் கடல் கடத்திவிடுகின்றான். வழக்கு வரும்போது ஏட்டிலே இருப்பது அவன் பெயரன்று, தாயின் பெயர். நிதியியல் உளவறிதல் பிரிவு அத்தகைய கணக்கை இடைநிறுத்தலாம். நீதிமன்ற ஆணையால் அது நீடிக்கப்படலாம். மகள் அதே கணக்குக்கு நேர்மையாக அனுப்பிய பணமும் அதனுள்ளே கிடக்கும். கூரை போடாத வீட்டின் சுவரிலே மழை வழியும்.

ஆதலின் வாவிக்கரை மக்கள் செய்யத்தக்கவை சிலவே. வங்கிக் கணக்கும் அட்டையும் அடையாள அட்டையும் பிறருக்கு இரவல் கொடுக்கும் பொருள்கள் அல்ல. பல்லைத் துலக்கும் தூரிகையை எவரும் இரவல் கொடுப்பதில்லை, கணக்கும் அத்தகையதே. முதலீடு என்று எவர் அழைத்தாலும், மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனமா, தடைசெய்யப்பட்ட பட்டியலில் உள்ளதா என்பதை அருகிலுள்ள வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ கேட்டறிதல் வேண்டும். அழைப்பவர் உறவினர் என்பது ஓர் உறுதியன்று. பெரும்பாலும் அவரும் ஏமாற்றப்பட்டவரே. ஏமாற்றம் நேர்ந்தபின் வெட்கத்தால் மறைத்தல் கள்வனுக்குச் செய்யும் உதவியாகும். பற்றுச்சீட்டு, குறுஞ்செய்தி, கணக்கு எண் யாவற்றையும் அழியாமல் வைத்துக்கொண்டு விரைந்து காவல்துறையில் முறையிடுவதே நன்று. பணம் பல கை மாறுமுன் நிறுத்தப்பட்டாலன்றி மீட்டல் கடினம்.

விஞ்ஞானம் புதிய நாணயத்தைத் தந்தது குற்றமன்று. கத்தி காயும் நறுக்கும், கையையும் அறுக்கும். குருமண்வெளித் துறையிலே ஓடத்தில் ஏறும் கிழவியும், ஓடக்காரன் யார், ஓடம் ஒழுகுகின்றதா, காற்று எப்படி இருக்கின்றது என்று பார்த்தே காலை வைக்கின்றாள். பாலைவன வெயிலிலே பிள்ளை உழைத்த காசை ஒரு துறையிலே ஏற்றுமுன், அந்தக் கிழவியின் விழிப்பு நமக்கும் வேண்டும்.