கிட்ஹப்பா, ஜென்கின்ஸா, கிரேடிலா? முதலில் கேள்வியைப் பிரிப்போம்



போன எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி ஒரே மாதிரி. "யூனி முடிக்கப் போறன், கிட்ஹப் படிக்கிறதா ஜென்கின்ஸ் படிக்கிறதா?" "கிரேடில் நல்லதா கிட்லேப் நல்லதா?" கோபிக்காதீங்கோ, ஆனால் இது புட்டு நல்லதா நீத்துப்பெட்டி நல்லதா எண்டு கேக்கிற மாதிரி. இரண்டும் வேறு வேறு வேலை செய்யிற சாமான்கள். ஏன் இந்தக் குழப்பம் வருகிறது என்றால், இப்போது எல்லாம் ஒரே இணையப் பக்கத்தில், ஒரே பட்டனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

ஆகவே மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, பில்ட் கருவி. நீங்கள் எழுதின கோடை ஓடக்கூடிய ஒன்றாக மாற்றுவது. உங்கட லேப்டாப்பிலேயே, இன்டர்நெட் இல்லாமல்கூட பெரும்பாலும் ஓடும். மேக், மேவன், கிரேடில், பேஸல் எல்லாம் இந்த வகை.

இரண்டு, கோட் வைக்கிற தளம். ரெப்போ எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் ரிவியூ செய்தது எல்லாம் இங்கே. கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட், கோட்பெர்க்.

மூன்று, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சிஐ. நீங்கள் புஷ் செய்த உடனே ஒரு மெஷினை எடுத்து, பில்ட் கருவியை ஓட்டி, பச்சையா சிவப்பா என்று சொல்வது. ஜென்கின்ஸ், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் சிஐ.

பில்ட் கருவிகள்

எல்லாத்துக்கும் மூத்தது மேக். 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அதன் யோசனை மிகவும் எளிது: எந்தக் கோப்பு எதை நம்பியிருக்கிறது என்று எழுதி வை. மூலக் கோப்பு புதிதாக இருந்தால் மட்டும் திரும்பக் கட்டு, இல்லாவிட்டால் சும்மா விடு. ஐம்பது வருசமாக வந்த மற்றக் கருவிகள் எல்லாம் இதே யோசனையைத்தான் தங்கட வழியில் செய்கின்றன. மேக்கின் பலவீனம், அது கோப்பு மாறிய நேரத்தை மட்டும் பார்க்கிறது. அதோடு டேப் அடிக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் அடித்தால் கோபித்துக்கொள்ளும்.

மேவன் ஜாவா உலகத்தின் கண்டிப்பான வாத்தியார். கோட் இந்த ஃபோல்டரில், டெஸ்ட் அந்த ஃபோல்டரில், வேண்டிய லைப்ரரியின் பெயரையும் வெர்ஷனையும் எழுது, மிச்சத்தை நான் பார்க்கிறன் எண்டு சொல்லும். எக்ஸ்எம்எல் நீளமாக இருக்கும். ஆனால் தெரியாத ஒரு கம்பனிக்குள் முதல் நாள் போனாலும் எது எங்கே இருக்கிறது என்று பத்து நிமிசத்தில் கண்டுபிடிக்கலாம். என்னை மாதிரி ஆறு மாசத்துக்கு ஒருக்கா இடம் மாறுகிற கான்ட்ராக்டருக்கு அது பெரிய நிம்மதி.

கிரேடில் அதற்கு நேர் எதிர். பில்ட் ஃபைலே ஒரு புரோகிராம். குரூவியிலோ கோட்லினிலோ எழுதலாம். ஒருமுறை செய்த வேலையைத் திரும்பச் செய்யாமல் நினைவில் வைத்திருக்கும். ஆண்ட்ராய்ட் ஆப் செய்கிறவர்களுக்குக் கிட்டத்தட்ட வேறு தெரிவே இல்லை. சுதந்திரம்தான் அதன் பலம், அதுதான் அதன் தொல்லையும். ஒவ்வொரு டீமும் தங்கட விருப்பத்துக்கு எழுதி வைத்திருப்பார்கள். அதை வாசித்து விளங்கவே அரை நாள் போகும்.

பேஸல், கூகுள் உள்ளே பாவித்த கருவியை 2015இல் வெளியே விட்டது. நேரத்தைப் பார்க்காமல் கோப்பின் உள்ளடக்கத்தையே ஹேஷ் செய்து பார்க்கும். ஒருவர் கட்டியதை டீம் முழுக்கப் பகிரலாம். பல மொழிகள், பெரிய ஒற்றை ரெப்போ என்றால் அருமை. மூன்று பேர் செய்கிற ஆப்புக்கு இது கல்யாண மண்டபம் பிடித்துப் பிறந்தநாள் கொண்டாடுகிற கதை.

ஜாவாஸ்கிரிப்ட், ரஸ்ட் எழுதுகிறவர்களுக்கு என்பிஎம், கார்கோ மொழியோடயே வருது. அதையே பாவியுங்கோ.

கோட் வைக்கிற தளங்கள்

இங்கே ஒரு விசயத்தை மனதில் வைத்திருங்கள். கிட் என்பது 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய தனிக் கருவி. நீங்கள் குளோன் செய்தால் முழு வரலாறும் உங்கள் கையில் வந்துவிடும். ஆகவே கோட் விசயத்தில் எல்லாத் தளமும் ஒன்றுதான். வித்தியாசம் அதைச் சுற்றி இருப்பதில்.

கிட்ஹப் 2008இல் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2018இல் 750 கோடி டொலருக்கு வாங்கியது. அதன் பலம் சனம். ஓப்பன் சோர்ஸில் பெரும்பகுதி அங்கேதான். பைதனில் தமிழ் எழுத்துகளைக் கையாள உதவும் ஓப்பன்-தமிழ் லைப்ரரிகூட அங்கேதான் இருக்கு. வேலை தேடுகிறவருக்கு அது ஒரு விசிட்டிங் கார்ட்.

கிட்லேப் 2011இல் உக்ரைனில் ஒரு டெவலப்பர் தொடங்கியது. முக்கிய வேறுபாடு, உங்கட சொந்த சர்வரிலேயே நிறுவலாம். கோட் வெளியே போகக்கூடாது என்கிற வங்கிகளும் அரசாங்கங்களும் அதனால்தான் இதை விரும்புகின்றன. பிட்பக்கெட், ஜிரா பாவிக்கிற கம்பனிகளுக்கு இலகுவாகப் பொருந்தும். கோட்பெர்க், பெர்லினில் பதிவான இலாபநோக்கற்ற சங்கம் நடத்துவது. சுதந்திர மென்பொருளுக்கு மட்டும்.

எந்தத் தளமும் நிரந்தரம் இல்லை. கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டது. பிட்பக்கெட் 2020இல் மெர்க்யூரியல் ரெப்போக்களை நீக்கியது. 2019இல் அமெரிக்கத் தடைகள் காரணமாக ஈரான், சிரியா, கிரைமியாவில் இருந்தவர்கள் தங்கட தனியார் கிட்ஹப் ரெப்போக்களைத் திறக்க முடியாமல் போனது. அவர்கள் பிழை ஒன்றும் செய்யவில்லை, இருந்த இடம்தான் காரணம். நாடு மாறி வாழ்கிற எங்களுக்கு இது விளங்காத விசயம் இல்லை.

நடுவில் நிற்கும் சிஐ

ஜென்கின்ஸ் முதலில் ஹட்சன் என்ற பெயரில் இருந்தது. ஆரக்கிளோடு வந்த பிணக்கால் 2011இல் பெயர் மாறியது. இலவசம், சொந்த மெஷினில் ஓடும், எதற்கும் ஒரு பிளக்-இன் இருக்கும். ஆனால் அதை யாரோ பராமரிக்க வேணும். நான் போன கன இடங்களில் "அந்த ஜென்கின்ஸ் சர்வரை மட்டும் தொடாதீங்கோ" என்று சொல்லித்தான் வேலையே தொடங்கும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸும் கிட்லேப் சிஐயும் ரெப்போவுக்குள்ளேயே ஒரு யாமல் கோப்பு, அவ்வளவுதான். தனியார் ரெப்போவுக்கு இப்போதைய இலவசத் திட்டத்தில் கிட்ஹப் மாதம் 2,000 நிமிடம் தருகிறது, கிட்லேப் 400, பிட்பக்கெட் 50. இந்த எண்கள் அடிக்கடி மாறுகிறவை, தொடங்க முதல் ஒருக்கா பாருங்கோ.

வசதிக்கு விலை உண்டு. ஆக்‌ஷன்ஸில் மற்றவர் எழுதின துண்டை ஒரு வரியில் கொண்டுவரலாம். 2025 மார்ச்சில் அப்படி 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பாவித்த ஒரு துண்டுக்குள் யாரோ புகுந்து, பழைய வெர்ஷன் டேக்குகளைக் கெட்ட கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பில்ட் லாக்கில் ரகசியச் சாவிகள் கொட்டின. டேக்கின் பெயருக்குப் பதிலாக முழு கமிட் ஹேஷை முன்பே எழுதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். இன்றைக்கே உங்கட ரெப்போவில் இதைச் செய்யுங்கோ.

எதைத் தெரிவு செய்யிறது?

ஒரு காலத்தில் ஓப்பன் சோர்ஸில் டிராவிஸ் சிஐ இல்லாத ரெப்போவைக் காண்பது அரிது. 2021இல் அதன் பழைய இலவசத் தளம் மூடப்பட்டது. எல்லாரும் இடம் மாற வேண்டி வந்தது. கோடை ஒரு கட்டளையில் வேறு தளத்துக்குக் கொண்டுபோகலாம். இஷ்யூக்களும் ரிவியூக்களும் அரைகுறையாக வரும். பைப்லைன் மட்டும் வரவே வராது, திரும்ப எழுத வேணும்.

இந்த வேலையைச் சில கிளையன்ட்களிடம் செய்திருக்கிறேன். ஒரு டீமின் பில்ட் வேலை முழுக்க கிரேடிலுக்குள் இருந்தது. சிஐ கோப்பு அதைக் கூப்பிட மட்டும் செய்தது. ஒரு வாரத்தில் முடிந்தது. இன்னொரு டீம் எல்லாத்தையும் ஜென்கின்ஸுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது. எழுதினவர் வேலையை விட்டுப் போய்க் கன காலம். மாசக்கணக்கில் இழுத்தது.

ஆகவே என்னுடைய பரிந்துரை இது:

- பில்ட் கருவி: உங்கட மொழியோடு வருவது. ஜாவா என்றால் மேவன், ஆண்ட்ராய்ட் என்றால் கிரேடில். பேஸல் தேவைப்படும் நாளில் அது உங்களுக்கே தெரியும்.
- தளம்: நாலு பேர் பார்க்க வேணும் எண்டால் கிட்ஹப். சொந்த சர்வர் வேணும் எண்டால் கிட்லேப். கம்பனி எதைப் பாவிக்குதோ அது.
- சிஐ: தளத்தோடு வருவதே போதும். ஆனால் யாமல் கோப்பை மெலிசாக வையுங்கோ. உண்மையான வேலை பில்ட் கருவிக்குள் இருக்கட்டும்.

எதைப் படிக்கிறது என்று கேட்டவர்களுக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. பட்டன்கள் மாறும். எது எதை நம்பியிருக்கிறது, எப்போது திரும்பக் கட்ட வேணும் என்கிற யோசனை 1976இலிருந்து மாறவில்லை. அதை ஒரு கருவியில் வடிவாகப் படித்தால் மற்றதெல்லாம் இரண்டு நாள் வேலை.

இந்த வாரத்துக்கு ஒரு சின்னப் பரீட்சை. உங்கட புரொஜெக்டை வேறொரு லேப்டாப்பில் புதிதாகக் குளோன் செய்யுங்கள். ஒரே ஒரு கட்டளையில் பில்ட்டும் டெஸ்டும் ஓடுகிறதா? ஓடினால் எந்தத் தளம் மூடினாலும் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். ஓடாவிட்டால் எங்கே நின்றது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோடில் அதையே எடுத்துக் கதைப்பம்.